ஐம்பத்தெட்டுப் பேரும் அவர்களின் தகப்பன்மாரும்

1. 1994 ஒக்டோபர், ஞாயிறு மாலை 4.10: ரொறன்ரோவில் இறங்கினேன்.
2. திங்கள்: பழைய உடுப்புக் கடையில் ஒரு குளிர் மேலங்கி வாங்கினேன். 18 டொலர்.
3. செவ்வாய்: என் மச்சாள் யோகா வேலை செய்யும் தொழிற்சாலையில், சங்கத்தில் சேர்வதற்கு அட்டையில் கையெழுத்து வைத்தவர்களில் பெரும்பாலானோர் தங்களிடம் வேலை செய்பவர்களே அல்ல என்று கம்பனி எழுதியது.
4. புதன்: அதன் காரணம் தெரிந்தது.
5. வியாழன்: ஒரு பட்டியல் செய்தேன்.
6. வெள்ளி காலை 10 மணிக்கு முன்னர் அதில் ஒருவரின் கையெழுத்து வேண்டியிருந்தது.
7. நயாகரா நீர்வீழ்ச்சி: போகவில்லை.

நான் கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் வேலை அளவீட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கழுத்துப்பட்டி தைக்க எத்தனை விநாடி என்று மணிக்கூடு பிடித்துச் சொல்வது என் தொழில். ரொறன்ரோவுக்கு இரண்டு வார விடுமுறையில் போனேன். தங்கியது மேற்குப் பக்கத்தில், பார்க்டேலில், மச்சாளின் எட்டாம் மாடி வீட்டில். ஏரி தெரியும். லிஃப்ட் இரண்டில் ஒன்று வேலை செய்யும்.

மச்சாளின் தொழிற்சாலை மிசிசாகாவில், வீட்டிலிருந்து 24 கிலோமீற்றர். கார் விளக்குகளுக்கான பிளாஸ்டிக் உறைகளை அச்சில் வார்க்கிறார்கள். வேலையாட்கள் 58 பேர்; நாற்பதுக்கு மேல் எங்கள் ஆட்கள், தமிழர்; அதிலும் பெண்களே கூடுதல். அச்சு இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் இயந்திரம் இயங்கக்கூடாது. கதவைத் திறந்து மூட நேரம் போகிறதென்று அந்தக் கதவின் சுவிட்சை ஒட்டுகிற ரேப் சுற்றி அமத்தி வைத்திருந்தார்கள். மச்சாளின் இடது கையில் இரண்டு விரல்களின் தோல் அதனால்தான் உரிந்து வேறு நிறமாக இருந்தது. ஆறுதலான, அவசரப்படாத ஆள் அவர். விரல் ஆறிய பிறகுதான் அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். 37 பேர் கையெழுத்து வைத்தார்கள். இந்த மாகாணத்தின் இப்போதைய சட்டப்படி நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேருக்கு மேல் அட்டை கொடுத்தால் வாக்கெடுப்பு இல்லாமலே சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய் மாலை 6.30. சங்க அமைப்பாளர் மரியா கம்பனியின் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். போர்த்துக்கேயக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் அலுவலகக் கட்டடங்கள் துடைத்தவர், வேலைநிறுத்தத்தில் பனியில் நின்றவர். ஒவ்வொரு புதுக் குடியேறிக் கூட்டம் வரும்போதும் இந்த நகரத்தில் கம்பனிகள் சங்கத்தை மறுக்க ஒரே மூன்று காரணங்களைத்தான் சொல்லும் என்றார். இது நான்காவது, அவர் கேள்விப்படாதது. அட்டைகளைக் கம்பனிக்குக் காட்டாமல் தொழில் உறவுச் சபை ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரும்பாலான பெயர்கள் வேலையாட்கள் பட்டியலில் இல்லை, ஆகவே அட்டைகளைக் கொண்டுவந்தவரே அவற்றை எழுதியிருக்கிறார் என்பது கடிதத்தின் சாரம்.

"அப்ப நான் கள்ளி," என்றார் மச்சாள். மரியாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். "உந்தக் குற்றச்சாட்டு நிண்டால் என்ரை வேலையும் போச்சு. வேறை இடத்திலையும் எடுக்க மாட்டாங்கள்."

புதன் காலை 5.40. தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்ற வீதியில் நின்ற வானில் நானும் ஏறினேன். வான் செல்வம் அண்ணையுடையது. அவர் தொழிற்சாலையில் லீட் ஹாண்ட், அதாவது மேற்பார்வையாளரான ஃபோமனுக்கு அடுத்த ஆள். எங்கள் ஆட்கள் நாற்பது சொச்சம் பேருக்கும் அங்கே வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். வான் கூலி ஒரு நாளைக்கு மூன்று டொலர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று பின் ஆசனத்தில் ஒரு வயதான பெண் கேட்க, மச்சாள் சொன்னார்.

"மணிக்கூடு பிடிக்கிற பிள்ளையே? எங்களையும் விநாடி எண்ணப் போறீரே, தங்கச்சி?"

"அவ லீவிலை நிக்கிறா, அன்ரி. எண்ண மாட்டா."

"அப்ப சரி. இறங்கேக்கை மெல்லமா இறங்குறன்."

6.25. தொழிற்சாலை வாசலில் ஃபோமன் ஒரு தாளைப் பார்த்துக் கூப்பிட்டார். "கந்தையா!" ஊதா நிற ஸ்வெற்றர் போட்ட ஒரு பெண் உள்ளே போனார். "பொன்னுத்துரை!" இன்னொரு பெண். "சின்னத்தம்பி!" யோகா மச்சாள் போனார். சின்னத்தம்பி என் மாமா, மச்சாளின் தகப்பன். யாழ்ப்பாணத்தில் இறந்து ஆறு வருடம்.

நான் செல்வம் அண்ணையிடம் கேட்டேன்.

"அதுவோ? வேலைக்கு எழுதேக்கை எல்லாருக்கும் ஃபோம் நிரப்பினது நான். பேர் எழுத ரெண்டு பெட்டி இருந்தது. எங்கடை முறைப்படி தேப்பன்ரை பேரை முன்னுக்குப் போட்டன், அவையின்ரை பேரைப் பின்னுக்கு. உவன் முன்பெட்டியைப் பார்த்துக் கூப்பிடுறான். முதல் கிழமை சிரிச்சம். பிறகு பழகிப்போச்சு."

"திருத்தேல்லையே, அண்ணை?"

"ஏன் திருத்துறது? சம்பளம் வருகுது. எங்கடை தேப்பன்மாரும் கனடா பார்க்கட்டும்."

அட்டைகளிலோ பெண்கள் கனடாவில் புழங்கும் பெயரைப் போட்டிருந்தார்கள்: தங்கள் பெயர், அதன் பின்னால் கணவனின் பெயர். கம்பனிக்கு யோகா மச்சாள் சின்னத்தம்பி யோகராணி. அட்டையில் யோகராணி சிவநாதன். இரண்டும் ஒரே ஆள் என்று பெயர்களை ஒப்பிட்ட வெள்ளைக்கார அதிகாரி ஊகிக்க வழியில்லை.

நான் பஸ்ஸில் திரும்பினேன். மிசிசாகா பஸ்ஸுக்கு ஒரு கட்டணம், ரொறன்ரோ எல்லைக்குள் வந்ததும் மறுபடி இரண்டு டொலர். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. மாலையில் மரியாவிடம் விளக்கினோம். அவர் வெகு நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். வெள்ளி காலை 10 மணிக்குச் சபையில் விசாரணை; அதற்கு முன்னர், எந்தப் பெயர் யாருடையது என்று யாராவது அங்கே சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். மச்சாள் கொடுத்தால் செல்லாது. குற்றம் சாட்டப்பட்டவரே அவர். ஃபோம் நிரப்பியவர் கொடுத்தால் செல்லும். ஆனால் அவர் கம்பனிக்கு வேண்டியவர். கையெழுத்து வைத்த 37 பேரின் பெயரை அவரிடம் காட்டினால் அட்டைகளின் இரகசியம் போய்விடும்.

வியாழன். இங்கே என் தொழில் உதவியது. அளவீட்டில் குறையை மட்டும் குறித்தால் யார் மேல் குறை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் குறித்தால் தெரியாது. 37 பேரை மட்டும் எழுதாமல் 58 பேரையும் எழுதினேன். மூன்று நிரல்: கம்பனி வைத்திருக்கும் பெயர், ஆள் புழங்கும் பெயர், வேலை செய்யும் இயந்திரத்தின் இலக்கம். மற்றவர்களுக்கும் இடம் விட்டேன்: இரண்டு போலந்துக்காரர், ஒரு கயானாக்காரர், இப்படி. மச்சாள் வேலையால் வந்து குசினியில் நின்றபடி நினைவிலிருந்து சொன்னார். தகப்பன் பெயர் தெரியாத இடங்களில் பார்க்டேலில் மாடி மாடியாக ஃபோன் எடுத்துக் கேட்டோம்.

மாலை 6.15. செல்வம் அண்ணையின் வீடு அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. தாளை வாங்கிப் படிக்காமல் மேசையில் வைத்தார்.

"யோகா, நான் சங்கத்துக்கு எதிரி இல்லை. ஆனால் எனக்கும் மூண்டு பிள்ளையள்."

"உங்களைச் சேரச் சொல்லேல்லை, அண்ணை. ஆள் ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ."

"சொன்னால் நான் சேர்ந்த மாதிரித்தானே."

மச்சாள் வற்புறுத்தவில்லை. சபையின் விலாசத்தையும் நேரத்தையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு எழும்பினார். படியில் ஏறும்போது, "அவர்தான் எனக்கும் வேலை எடுத்துத் தந்தவர்," என்றார். 

வெள்ளி காலை 8.50. மச்சாள் சுகமில்லை என்று சொல்லி லீவு எடுத்திருந்தார். குயின் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் நகரத்துக்குள் போனோம். சபை யூனிவர்சிற்றி அவெனியூவில். காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு கதிரை, ஒரு சாடிச் செடி, பழைய சஞ்சிகைகள். மரியா கதவைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

9.38. கதவு திறந்தது. வேலைச் சப்பாத்தோடும் பிளாஸ்டிக் வாசத்தோடும் செல்வம் அண்ணை வந்தார்.

"பின்னேரம் ஆக்களை ஏத்தச் சொல்லி வான் திறப்பைப் பொன்னுத்துரையிட்டைக் குடுத்திட்டு பஸ்ஸிலை வந்தனான்," என்றார். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். "காலமை மனேச்சர் அறைக்குக் கூப்பிட்டார். 'பட்டியலிலை இல்லாத பேரிலை இஞ்சை ஒருத்தரையும் எனக்குத் தெரியாது' எண்டு இங்கிலீஷிலை ரைப் அடிச்சு வைச்சிருக்கிறார். கையெழுத்தை வையாம். நான் பேசாமல் இருந்திருப்பன், யோகா. உண்மையா இருந்திருப்பன். ஆனால் தெரியாது எண்டு எப்பிடி எழுதுறது? பாதிப் பேரை எயார்போட்டிலை போய்க் கூட்டியந்தது நான். எழுதிக் குடுத்தால், நாளைக்கு வானிலை ஆரைப் பார்த்து ஏறு எண்டுறது?"

நாங்கள் விட்டுவந்த தாளைப் பையிலிருந்து எடுத்து, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து, 58 வரியும் வாசித்தார். 41ஆவது வரியில் நிறுத்தினார்.

"உது பிழை. நல்லையா இல்லை, நல்லதம்பி. நல்லையா அவவின்ரை சித்தப்பா."

திருத்தினேன். 9.52க்குச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார். மரியா அவருக்குக் கை கொடுத்தார். அவர், வேலை நேரத்தில் வந்ததால் அரைநாள் சம்பளம் வெட்டுவார்கள், அதைச் சங்கம் தருமா என்று கேட்டார். சங்கம் தரும் என்றார் மரியா.

அடுத்த சனி நான் புறப்பட்டேன். கொழும்பில் எங்கள் தொழிற்சாலையிலும் ஊழியர் குழு ஒன்று உண்டு. அதில் யார் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் எழுதித் தரும். நான் தட்டச்சு செய்வேன். விமானத்தில் பதினெட்டு மணித்தியாலமும் இடையில் மாறும் நேரமும் இருந்தும், மச்சாளின் சங்கத்தையும் எங்கள் குழுவையும் ஒப்பிட்டு எழுத எனக்கு ஒரு பந்திக்கு மேல் வரவில்லை.

மச்சாளின் கடிதத்தின்படி இப்போதைய நிலைமை இது. டிசம்பரில் சபை சங்கத்தை அங்கீகரித்தது. மச்சாள் வேலையில் இருக்கிறார். எட்டு இயந்திரங்களில் ஐந்தில் சுவிட்சில் சுற்றிய ரேப் எடுக்கப்பட்டுவிட்டது. செல்வம் அண்ணையை லீட் ஹாண்ட் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்றாம் இயந்திரத்தில் நிற்கிறார். அதை எதிர்த்துச் சங்கம் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. முதலாவது ஒப்பந்தத்துக்கு ஆறு தடவை பேசியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை.