மட்டாஞ்சேரியில் என் வாய் திறந்தது

கூடியிருக்கும் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை இன்று சத்தமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் எனக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது சங்கரன்கோவிலிலிருந்து கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தோம். அப்பாவுக்குப் பழைய பேப்பர் குடோனில் சுமை தூக்கும் வேலை. என்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் தமிழில் ஏதோ கேட்டேன். வகுப்பே சிரித்தது. தமிழர்களை அங்கே கேலியாகக் கூப்பிடும் 'பாண்டி' என்ற பெயர் எனக்கு விழுந்தது. அதன்பிறகு பள்ளியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்காருவேன். செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "ஈ குட்டி ஒண்ணும் மிண்டுன்னில்லல்லோ" என்றார். இவள் எதுவுமே பேசுவதில்லை என்று.

"ஊர்ல ஹாஸ்டல்ல விட்டுருவோம்" என்றார் அப்பா.

அம்மா முழங்காலில் விழுந்தாள். "ஆண்டவரே, எம் புள்ளைக்கு ஒரு துணையத் தாரும். அவள எங்கிட்டருந்து பிரிச்சிராதேயும்." நானும் பக்கத்தில் விழுந்து அழுதேன்.

அந்த வாரமே பதில் வந்தது. அப்பா அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தோடு வந்தார். "தமிழ் புக்குமா. கட்டுக்குள்ள கெடந்துச்சு."

வழிதவறி அந்நியக் கப்பலில் ஏறிவிட்ட ஒரு சிறுமியின் கதை அது. அவள் பாஷை அங்கே யாருக்கும் தெரியாது. அவள் மூலையில் முடங்கவில்லை. ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். என்னைப் போல ஒருத்தி! உலகத்தில் நான் மட்டும் இல்லை! அழுதுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். அவளால் முடிந்தால் என்னாலும் முடியும்.

மறுநாள் ஜெபித்துவிட்டு, தெருமுனையில் மீன் விற்கும் சேச்சியிடம் போனேன். ஒரு மீனைத் தொட்டுக் காட்டினேன். "சேச்சி, இதின்டெ பேரெந்தா?"

"கரிமீன், மோளே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

பிறகு வகுப்பிலும் கேட்டேன். என்னை முதலில் பாண்டி என்று கூப்பிட்ட ஷைனியின் டிபனைக் காட்டிக் கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். "ஐயோ, இவளு மிண்டி!" என்று, நான் பேசிவிட்டதை வகுப்புக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகு, "கப்ப. கழிச்சு நோக்கு" என்று பாதி மரவள்ளிக்கிழங்கை என் கையில் வைத்தாள், சாப்பிட்டுப் பார் என்று. அன்று நான் சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளி மேடையில் அந்தக் கப்பல் சிறுமியின் கதையை மலையாளத்தில் சொன்னேன். முடித்ததும் கைதட்டல் நிற்கவில்லை. ஷைனி பெஞ்சின் மேல் ஏறி நின்று விசிலடித்தாள். வாசலில் நின்ற அம்மா, "தோத்திரம், தோத்திரம்" என்று வாய்விட்டு அழுதாள். ஹாஸ்டல் பேச்சு அதோடு போயிற்று.

இன்று நான் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் பள்ளுருத்தியில் மலையாள ஆசிரியை. ஆம், மலையாளம்! ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். படிக்க ஒரு நல்ல கதையும் கொடுங்கள். யாருமில்லை என்று அழுத எனக்கு அவர் துணை அனுப்பினார். உங்கள் பிள்ளைக்கும் அனுப்புவார்.