இரண்டாவது காதுக்குப் போன விமானம்

எங்கள் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் பெங்களூர் ரயில் தெரியும். பட்டாபிராமில் தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடி, மூன்றாவது மாடி. ரயில் போகும்போது அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இப்படி வீட்டை உரசிக்கொண்டு போகிற வழியை விட்டுவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கிற மீனம்பாக்கத்துக்குப் போய் விமானம் ஏறி அதே பெங்களூருக்குப் போவதென்றால் அதற்குத் தனி அறிவு வேண்டும். எனக்கு அது உண்டு என்று போன வருஷம் நிரூபித்தேன்.

பெங்களூரில் இருக்கும் தங்கையின் மகளுக்குக் காது குத்து. அல்சூரில் ஒரு கோயில் மண்டபம், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர்: மூத்தவன் நான், இளையவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் என் தம்பி. மூத்தவன் இருக்கும்போது மடி அவனுடையது. இல்லாவிட்டால் இளையவனுடையது. நான் உட்கார்ந்து அவன் பக்கத்தில் நின்று போட்டோவில் பாதி வர வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

தம்பி தனக்கும் எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து ரயிலில் இடம் போட வந்தான். எனக்கு வேண்டாம் என்றேன்.

"இன்னா அண்ணாத்தே, நடந்து போவப் போறியா?"

"பிளேன்."

தம்பி என் மனைவியைப் பார்த்தான். அவள் கீரை ஆய்வதில் மிகவும் மும்முரமாக இருந்தாள்.

காரணம் இதுதான். தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் போயிருந்தபோது அவளுடைய மாமனார், "ரயில்லயா வந்தீங்க? பாவம்," என்றார். அந்தப் 'பாவம்' ஒன்றரை வருஷமாக என் தொண்டையில் நின்றது. இந்த முறை விமான நிலையப் பட்டை தொங்கும் பெட்டியோடு அவர் முன்னால் நடக்க வேண்டும். அவர் கேட்க வேண்டும், நான் அலட்சியமாக, "ஆமாங்க, காலையிலதான் ஏறினேன்," என்று சொல்ல வேண்டும்.

வெளியே சொன்ன காரணம் வேறு. "பட்டாபிராமில் அந்த ரயில் நிற்காது. அதைப் பிடிக்க சென்ட்ரலுக்குக் கிழக்கே போய், அதிலேயே ஏறி மேற்கே திரும்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து நம் வீட்டு வாசலுக்கே வருவதா? இதற்குப் பெயர் பயணமா?" என்று கேட்டேன். இதில் நியாயம் இருந்தது. கொரோனாவில் நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளில் பாதி இன்னும் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கின்றன. விரைவு வண்டிகள் நம் ஊரைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுகின்றன. ஊருக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டுமென்று பேசுகிறவர்கள், ஓடுகிற ரயிலை இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொன்னால் மட்டும் நீண்ட ஆய்வு தேவை என்கிறார்கள். தம்பி இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறவன். நான் அவனுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் சிரித்தும் இருக்கிறேன்.

அன்று மூவரும் ஒரே நேரத்தில், நாலரை மணிக்கு, புறப்பட்டோம். அவர்கள் இருவரும் ஐந்து தேங்காயோடும் சீர்த் தட்டுகளோடும் எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு நடந்தார்கள். நான் காரில் ஏறினேன். நெமிலிச்சேரி தாண்டும்வரை ராஜா மாதிரி இருந்தது. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து, ஒரு தெருவுக்குள் விட்டு, இன்னொரு தெருவில் துப்பி, முதலில் பார்த்த அதே டீக்கடையை எதிர்ப்பக்கமிருந்து காட்டினார்கள்.

"பெங்களூருக்கா சார் போற?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாம்."

"ஏன் சார், உன் ஊட்டாண்டயே ரயில் போவுதே."

"அது நிற்காது."

"இது மட்டும் இன்னா சார், நகருதா?" என்று முன்னால் நின்ற கான்கிரீட் லாரியைக் காட்டினார்.

விமான நிலையத்தில் என் பெட்டி கையில் எடுத்துப்போகிற அளவுதான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், "உள்ளேயே கொண்டு போகலாம் சார், சீக்கிரம் வெளியே வந்துடலாம்," என்றார். கையில் கொண்டுபோனால் பட்டை கிடைக்காதே. வலியப் போய் பெட்டியை ஒப்படைத்தேன். பட்டுப்பாவாடை, வளையல் எல்லாம் அதில் போயின. புண் ஆறிய பிறகு போட வேண்டிய தோடு சட்டைப்பையில். மங்கலமாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு தேங்காயைத் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

சோதனையில் அந்தத் தேங்காய் இயந்திரத்துக்குள் போய் வெளியே வரவில்லை. காவலர் அதைக் குடுமியைப் பிடித்துத் தூக்கினார். "நாரியல் நஹி."

"பூஜா," என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அது கணிசமான பகுதி.

"பிளேன் மே பூஜா நஹி," என்றார்.

நியாயமான பதில். பெல்ட்டை டிரேயில் போட்டுவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஓடும் ரயிலிலிருந்து எடுத்தது: எங்கள் அடுக்குமாடி, மூன்றாவது மாடி, கொடியில் என் லுங்கி. கீழே எழுதியிருந்தான்: "அண்ணாத்தே, மானம் இருட்டிகினு கீது. லுங்கி நனஞ்சா நான் பொறுப்பு இல்ல."

ஏழே முக்கால் விமானம் எட்டேகாலாகி, எட்டரையாகி, ஏறும் வாயிலும் மாறியது. புது வாயிலுக்கு எல்லோரும் ஓடினோம், அங்கிருந்து பழைய வாயிலுக்குத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பஸ்ஸில் நிற்கவைத்து ஏற்றினார்கள். விமானத்தைப் பிடிக்கப் போன இடத்திலும் பூந்தமல்லி பஸ்ஸில் தொங்குகிற கதிதான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு வரிசையில் நமக்கு முன்னால் ஆறு விமானங்கள் என்றார் விமானி, அது ஏதோ நமக்குக் கிடைத்த பதவி மாதிரி.

இதற்கிடையில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அரக்கோணத்தில் மனைவி ஜன்னலோரம். காட்பாடியில் மனைவி வடையோடு. ஜோலார்பேட்டையில் மனைவி தூங்குகிறாள், வாய் திறந்திருக்கிறது. நான் நடு இருக்கையில், இரண்டு தோள்களுக்கு இடையில், முழங்காலை மடக்கிக்கொண்டு பார்த்தேன்.

ஒன்பதே கால் மணிக்கு எழும்பி, பத்தே கால் மணிக்கு இறங்கினேன். ரயில் பத்தரைக்கு. பதினைந்து நிமிஷம் முந்திவிட்டேன் என்று ஒரு முட்டாள் சந்தோஷம். அப்புறம் பெட்டி வரும் பெல்ட்டின் முன் நின்றேன். அந்நியர்களின் பெட்டிகள் என்னைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை சுற்றின. பட்டைக்காக நானே வலியப் போய்க் கொடுத்த என் பெட்டி, பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, எல்லோருக்கும் கடைசியாக, மல்லாந்து படுத்துக்கொண்டு வந்தது.

பெங்களூர் விமான நிலையம் பெங்களூருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. தம்பி மூன்று முறை சொன்னான்.

பதினொன்று நாற்பதுக்கு, ஹெப்பால் மேம்பாலத்தில் நகராத காரில் இருந்தபோது, தங்கை அழைத்தாள்.

"எங்க இருக்கே?"

"வந்துட்டேன்."

"வானத்துல இருக்கியா, தரையில இருக்கியா?"

"தரையிலதான். பாலத்துல."

போனில் மேளமும் குழந்தையின் சிரிப்பும் கேட்டன. குருக்களிடம் தங்கை ஏதோ பேசினாள், திரும்பி வந்தாள். "அண்ணா, பன்னண்டுக்குள்ள ஆரம்பிச்சா போதுமாம். ஒரு காது அவன் மடியில குத்திடறோம். இன்னொண்ணு உனக்கு வெச்சிருக்கேன். பன்னண்டரைக்குள்ள வரலைன்னா ரெண்டும் அவனுக்கே. காது குத்துற பத்தர் வேற எடத்துக்குப் போவணுமாம்."

மூத்த தாய்மாமன் என்ற பதவி பாதியாகக் குறைந்ததைப் பாலத்தின் மேல் வைத்துக் கேட்டேன். ஓட்டுநரிடம் தமிழ், கன்னடம், அந்தக் கணிசமான இந்தி எல்லாவற்றிலும் கெஞ்சினேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பெட்டியோடு மண்டபத்துக்குள் ஓடினேன். பட்டை நன்றாகத் தொங்கியது. வாசலில் தங்கையின் மாமனார் அதைப் பார்த்தார். "பிளேன்லயா? அதான் லேட்டு, பாவம்," என்றார்.

தம்பி எழுந்து எனக்கு மணையை விட்டுக்கொடுத்தான். அவன் முகத்தில் அவ்வளவு பெருந்தன்மை இருந்ததைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் காது குத்தும்போது குழந்தைக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. மாமன் மடியில் கற்கண்டைச் சப்பிக்கொண்டு சிரித்திருக்கிறது. நான் மடியில் வாங்கியபோது அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்தர் கம்பியை எடுத்ததும் உடம்பை வில்லாக வளைத்தது, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறிந்தது, அப்புறம், புதிதாக முளைத்த நான்கு பற்களையும் என் முன்கையில் இறக்கியது.

"கெட்டியா பிடிச்சுகோ அண்ணாத்தே," என்றான் தம்பி. "பெல்ட்டு போட்டுகினியா?"

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வாயை முந்தானையால் மூடியிருந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

ஆல்பம் வந்தது. இடது காதுப் பக்கத்தில் தம்பி, சிரிக்கிற குழந்தை. வலது காதுப் பக்கத்தில் கண்ணாடி இல்லாமல் நான், கடத்தப்பட்ட குழந்தை மாதிரி ஒன்று, மூன்று பேர் அதன் கால்களைப் பிடித்திருக்கிறார்கள்.

குழந்தையைச் சமாதானப்படுத்த இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தம்பியோடு ரயிலில் போகிறேன். கிழக்கே போய், மேற்கே திரும்பி, சொந்த வீட்டைத் தாண்டி, பத்தரைக்கெல்லாம் இறங்கிவிடுகிறோம். தங்கை கதவைத் திறக்கிறாள். குழந்தை தம்பியிடம் தாவிப் போகிறது. அவன் தோளிலிருந்து என்னைப் பார்த்ததும், வலது கையைத் தூக்கி வலது காதைப் பொத்திக்கொள்கிறது.