குகைக்கல்லுக்கு அண்ணி அனுப்பிய மழை

ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்பதற்கு இந்த நாட்டில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். தலையில் விளக்கு பொருத்திய தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கயிறு. இத்தனை அலங்காரத்தோடு மலைக்குள் இறங்கி, குகையின் கூரை எங்கே சொட்டுகிறதோ அங்கே போன முறை வைத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, புதிய பாட்டிலை வைத்துவிட்டு ஏறி வர வேண்டும். குகைக்குள் ஆண்டு முழுவதும் ஒரே குளிர். வெளியே பனி கொட்டுகிற தை மாதத்தில் என் சக ஊழியர்கள் உள்ளே நுழைந்ததும் "அப்பாடா, கதகதப்பு" என்று கழுத்துத் துணியை அவிழ்க்கிறார்கள். நான் அதை இரவல் வாங்கி என் கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன். உத்திரமேரூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் அம்மா இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாள். ஐப்பசி பிறந்தால் அண்டா, குண்டான், சொம்பு என்று ஒழுகலின் தகுதி பார்த்து ஒதுக்கீடு நடக்கும். எனக்கு எப்போதும் சொம்பு ஒழுகலுக்குக் கீழேதான் படுக்கை. அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள்.

நாடு ஸ்லோவேனியா. "பேரு மாத்திர மாதிரி கீது, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டவர் என் அண்ணன். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணிப்பொறிப் பாடம் நடத்திக்கொண்டு, மாணவர்களும் நானும் ஒருவரையொருவர் தூங்க வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய காலத்து மழையைக் கணக்கிட நிரல் எழுத ஆள் வேண்டும் என்று ஓர் அறிவிப்பைப் பார்த்துச் சும்மா எழுதிப் போட்டேன். தலைமுடி உதிர்ந்து முடிந்த வயதில் ஒருவனைக் கூப்பிட்டு, மேசை கொடுத்து, பூட்ஸ் கொடுத்து, "குளிருகிறதா?" என்று தினமும் கேட்கிற நாடு இது. பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய என் போன்றவர்கள் போன இடத்தைத் திட்டுவதைக் கடமையாக வைத்திருக்கிறோம். நானும் முயன்று பார்த்தேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். கூரையிலிருந்து சொட்டுகிற நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு தரையில் படிந்து படிந்து கல்லாக வளர்கிறது. இங்கே அதைக் காப்னிக் என்கிறார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான், ஆனால் பொறுமைசாலி. விரல்கடை வளர ஆயிரம் ஆண்டுகூட எடுத்துக்கொள்ளும். அந்தந்தக் காலத்து மழையின் அடையாளம் அதில் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் கனமான வகை ஒன்று, லேசான வகை ஒன்று. எங்கள் பக்கத்தில் அடித்துப் பெய்கிற புயல் மழையில் லேசானது கூடுதலாக இருக்கும், தூறலில் கனமானது. பெரிய மழை லேசு, சின்ன மழை கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிற சோழர் காலத்துக் கல் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பேசும். இந்தக் கல் மழையைப் பற்றி மட்டும்தான் பேசும், பேச்சு மாறாது. என் கணிப்பொறி மாடல் 'அந்தக் காலத்தில் மழை இப்படிப் பெய்திருக்கும்' என்று சொல்லும். கல் 'இல்லை, இப்படித்தான் பெய்தது' என்று சொல்லும். இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. பழைய மழையைச் சரியாகச் சொல்லாத மாடலை வருங்கால மழைக்கு யார் நம்புவது?

"அப்போ இந்த வருசம் எப்டி? நாத்து வுடலாமா?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார்.

"எனக்கு நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பெய்ஞ்சதுதான் தெரியும்."

"த்தூ, அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? அப்ப பெஞ்ச தண்ணி இப்ப ஏரில நிக்குமா?"

மாடல் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே மழை. உத்திரமேரூர், தென்னேரி, திருப்பதி, ஆந்திரப் பக்கத்துச் சுண்ணாம்புக் குகை ஒன்று எல்லாம் ஒரே கட்டத்தில் வருகின்றன. அந்தக் குகையிலிருந்து முறையாக அனுமதி வாங்கிக் கொண்டுவந்த கல் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் பழைய மழையைப் பற்றி அது சொல்வது புரிய வேண்டுமானால், அந்தக் கட்டத்தில் இன்றைக்குப் பெய்கிற மழை எப்படி என்று முதலில் தெரிய வேண்டும். "அங்கே மழை பிடித்துத் தர யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார் எங்கள் தலைவி மார்யா. நெட்டையான, அதிகம் பேசாத பெண்மணி. "என் அண்ணி இருக்கிறார்" என்றேன், ஏதோ சர்வதேச நிறுவனத்தின் பெயரைச் சொல்வதுபோல.

தேவகி அண்ணி மொட்டைமாடியில் புனல் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் ஒரு பாட்டில் பிடித்து, நாள் எழுதி ஒட்டி, பார்சலில் அனுப்பினார். மார்யாவின் குறிப்புகளை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்: 'பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பவும். உள்ளே காற்று இருத்தலாகாது.' 'இருத்தலாகாது' என்று எழுதுகிறவனுக்கு வருகிற வினை எனக்கும் வந்தது. தூறலுக்காகச் சின்னப் பாட்டில்களும் கொடுத்திருந்தேன்.

ஓராண்டு மழையைக் கருவியில் ஏற்றிப் பார்த்த மார்யா என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஊரில் புயலை விட்டால் ஒரே ஒரு மழைதான் பெய்கிறது" என்றார். கோடை இடி, ஆடித் தூறல், ஆவணிச் சாரல் எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிபோல ஒரே எண்ணைக் காட்டின. உலகத்தில் எங்கேயும் மழை அப்படிப் பெய்யாது. பாட்டில்களை நம்ப முடியாது; பாட்டிலை நம்ப முடியாவிட்டால் கல்லின் பேச்சும் புரியாது. கட்டுரை முடியும் தறுவாயில் இருந்தது. மாடல் தேறிய கட்டம் எங்கள் வரைபடத்தில் நீலம், தோற்றது ஆரஞ்சு. எதுவும் சொல்ல முடியாத இடம் சாம்பல். "காரணம் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் பூசிவிடலாம்" என்றார். அவருக்கு அது வண்ணம் பற்றிய முடிவு. எனக்கு அது ஊர். அந்தக் கட்டத்தை விட்டு எப்போது வெளியேறலாம் என்று பாதி வாழ்க்கை காத்திருந்தவன் நான். அது சாம்பலாவதை என்னால் தாங்க முடியவில்லை. விடுப்புக் கேட்டேன். மார்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிவைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அதற்கு அவர் எத்தனை பேரிடம் பதில் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் பிற்பகல் லேசாகத் தூறியது. அண்ணி மாடிக்குப் போனார், பாட்டிலோடு இறங்கி வந்தார், நேராகப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்து பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாக மூடி போட்டார். நான் காபி டம்ளரோடு நின்றிருந்தேன்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"மூடி போடறேன். காத்து பூரக்கூடாதுன்னு நீதான எய்தி குட்த்த?"

"அதுக்கு முன்னாடி?"

"ரெண்டு வெரக்கட தண்ணிதான் கீது தம்பி. அவ்ளோ தொலவு போவுது, நம்ப வூட்லேர்ந்து கொறயா போலாமா? நல்லாவா இருக்கும்?"

"சின்ன பாட்டில் தனியா குடுத்தேனே?"

"அது காதுக்கு மருந்து வுடற பாட்டில் மாதிரி கீது. அதுலயா தண்ணி குடுப்பாங்க? வெள்ளக்காரங்க நம்பள இன்னா நெனைப்பாங்க?"

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "போரு தண்ணி ஒரே உப்பு. குடிச்சா அவங்களுக்குப் பேதி புடுங்கிக்கும்."

"அவங்க குடிக்க மாட்டாங்க, அண்ணி."

"பின்ன இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வரவெக்கறாங்க? மூஞ்சி கயுவவா?"

எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் குறையாக வெளியே போனதில்லை. மோர் கேட்டு வந்த சொம்பு தளும்பித்தான் திரும்பும். மோர் போதாவிட்டால் தண்ணீர் விளாவித் தளும்பும். கொட்டுகிற மழைக்குப் பாட்டில் தானாக நிரம்பிவிடும்; அதற்கு அண்ணியின் உதவி தேவையில்லை. சின்ன மழைகள்தான் அவருடைய மரியாதையில் மாட்டிக்கொண்டன. பல ஆண்டு மழை ஒன்றாகக் கலந்து ஊறிய நிலத்தடி நீரை அவற்றில் ஊற்றினால் அவையெல்லாம் ஒரே எண் காட்டாமல் என்ன செய்யும்?

நான் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கெட்டுப்பூச்சா தம்பி? ஒரு வருசம் மயயும் வீணா? உன் வேலைக்கு எதனா வந்துருமா?"

அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் மார்யாவை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் பேனா கீறுகிற சத்தம். பிறகு, "குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்குமா?" என்று கேட்டார். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நெகிழ்ந்துபோய், "பயப்படாதீர்கள், குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம்" என்றேன்.

"நீங்கள் எதைக் குடித்தாலும் எனக்குச் சம்மதம். எவ்வளவு உப்பு?"

மழைத் தண்ணீரில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். அப்படியென்றால் பாட்டிலில் இருக்கிற உப்பெல்லாம் குழாய் போட்டது. உப்பை அளந்தால் அண்ணி எவ்வளவு ஊற்றினார் என்று தெரியும். அந்தப் பங்கைக் கழித்தால் மழை தனியே வந்துவிடும். முழுத் துல்லியம் இருக்காது, ஆனால் சாம்பல் பூச வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஒரு பாட்டில் வேண்டும் என்றார். கீழே போய்ச் சொன்னதும் அண்ணி இருப்பதிலேயே பெரிய பாட்டிலை எடுத்து, தளும்பத் தளும்பப் பிடித்துக் கொடுத்தார். இந்த முறை குறிப்பு எதுவும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த உப்புத் தண்ணீரை அந்த வீட்டில் எல்லோரும் தினமும் திட்டித் தீர்க்கிறார்களோ, அதை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் வரை போனேன்.

கழித்துப் பார்த்தபோது மழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. கோடை இடி தனி, ஆடித் தூறல் தனி, கார்த்திகைப் புயல் தனி. இன்றைய மழை தெரிந்ததும் குகைக்கல்லின் பேச்சு புரிந்தது. கல்லை என் மாடலோடு எதிரெதிரே உட்கார வைத்தோம். மாடல் தோற்றது. வங்கக்கடலிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வருகிற மழையை அது மகா கஞ்சத்தனமாகப் பெய்யவிட்டிருந்தது. அந்தப் பகுதிக்கு நிரல் எழுதியது வேறு யாருமில்லை. சொந்த ஊருக்குச் சேர வேண்டிய மழையைக் கணக்கில் குறைத்தவன் என்ற பெயர் எனக்கு. கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கொண்டுவந்த கட்டம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்துகொண்டது.

மார்யா எழுந்து வந்து கையைக் குலுக்கி "செஸ்தித்தாம்" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். வேலை போய்விட்டதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்களே என்று நினைத்து, "எப்போது மேசையைக் காலி செய்ய வேண்டும்?" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எங்கே பிழை என்று தெரிந்துவிட்டதே. இனிமேல்தானே உங்களுக்கு வேலை?" தோற்றவன் பெயரைப் பலகையில் ஒட்டுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஆன பிறகு, சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டேன்.

அண்ணி இப்போது தூறலுக்குச் சின்னப் பாட்டில்தான் வைக்கிறார். ஆனாலும் மனசு கேட்கவில்லை; வெறுமனே அனுப்பக் கூடாதென்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் வெளியே ஒரு குங்குமப் பொட்டு. முதல் பார்சல் வந்தபோது, சிவப்புப் புள்ளி ஆபத்தின் அறிகுறி என்று எங்கள் உதவியாளர் கையுறை போட்டு அவற்றை விஷ மருந்துகளின் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார். சொல்லி மீட்டுவந்தேன். பொட்டை அழிக்க வேண்டாம் என்று மார்யா சொல்லிவிட்டார். ஆய்வுக்கு அதனால் கெடுதல் இல்லையாம்.

போன வாரம் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஆய்வுக்கூடத்து நடைவழியில் ஒட்டினார்கள். அண்ணிக்கு வீடியோவில் அழைத்து போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

"எங்க கீது நம்ப வூடு?"

ஆரஞ்சுக் கட்டத்தில் விரலை வைத்தேன். "இதுக்குள்ளதான் அண்ணி. திருப்பதியும் இதுலதான்."

"பெருமாளும் நாம்பளும் ஒரே கட்டமா? இன்னாங்க, இங்க வந்து பாருங்க, நம்ப வூடு கீது!" என்று அண்ணனைக் கூப்பிட்டார். கண் கலங்கினாரா, போன் கலங்கலாகக் காட்டியதா என்று தெரியவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏரி தெரிலயே" என்றார்.

"நீ எங்க கீற தம்பி? அத்தயும் காட்டு."

போனை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். பம்பாய் போயிற்று, கடல் போயிற்று, அரபு நாடுகள் போயின. அங்கேயே தாள் முடிந்துவிட்டது. ஆசியாவுக்கான வரைபடம், ஐரோப்பா அதில் இல்லை. உத்தேசமாகக் கணக்குப் போட்டு இன்னும் இரண்டு முழம் நகர்ந்து, கொஞ்சம் மேலே தூக்கி, நிறுத்தினேன்.

"இங்க, அண்ணி."

"அங்க வெறும் செவுருதான கீது? ஆணில எவனோ கோட்டு மாட்டிக்கீறான்."

"அது என் கோட்டுதான்."