தந்திக் கந்தோர் ஜாடியும் குளத்து மீன்களும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு மாரி ஓய்கிற சமயம், நான் வேலை பார்த்த உப்புக் களஞ்சியத்துப் பலகையில் கால் வழுக்கி விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. முறிவு வைத்தியர் எண்ணெய் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தான் சொல்லும்வரை பாதம் நிலத்தில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. புத்தளத்தில் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். அவள் கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். போகிறவர்கள் எல்லாரும் ஜன்னலடியில் நின்று, எப்படி விழுந்தேன் என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று.

மனைவியின் அண்ணன், என் மச்சான், மாட்டுவண்டியில் எலுவன்குளத்துப் பக்கம் விறகு ஏற்றப் போய்வருகிறவர். ஒரு நாள் கையில் ஒரு மண்முட்டியும் கக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியுமாக வந்தார். சதுரமான, தடித்த ஜாடி. தந்திக் கந்தோரில், அதாவது தந்தி அலுவலகத்தில், மின்கலத்துக்கு வைத்திருந்தது. விளிம்பு உடைந்துபோனதால் குப்பையில் போட்டிருந்தார்கள்.

"படுத்துக் கெடக்கிற ஆளுக்குப் பாக்க என்னமும் வேணுமே மச்சான்" என்றார்.

ஜாடியைச் சாம்பல் போட்டு நாலைந்து தரம் கழுவி, மழைத் தண்ணீர் ஊற்றி, முட்டியில் இருந்ததை அதற்குள் கவிழ்த்தார். ஒரு பிடி பாசியும், விரல் நீளம்கூட இல்லாத ஏழெட்டு மீன்களும் விழுந்தன. எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்றன. ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல ஒரு புள்ளி மின்னியது. பெயரென்ன என்று கேட்டேன்.

"இதுக்கென்ன பேரு? குளத்து மீன்தான். கறிக்கு ஆகாத மீனுக்கு ஆரு பேரு வெக்கிற?"

மனைவி எட்டிப் பார்த்தாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, திங்கேலாத மீனை ஊட்டுக்குள்ள என்னத்துக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள். ஆனாலும் ஜாடியை ஜன்னல் படியில், வெயில் நேராகப் படாத மூலையில் வைத்தவள் அவள்தான்.

கொசுப்புழுதான் சாப்பாடு. கொல்லையில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தால் போதும். புழுவை ஊற்றியதும் மீன்கள் பாய்வதைப் பார்க்க அவளும் இடுப்பில் கைவைத்து நிற்பாள். சில நாளில் எங்களுக்கு ஆளடையாளம் பிடிபட்டது. பெரியவை சிலதின் செட்டையில் மஞ்சள் பொட்டுகள். சின்னவற்றின் முதுகுச் செட்டையடியில் ஒரு கறுப்புப் புள்ளி. பெரியது சின்னதை விடாமல் துரத்தும். பாசியோடு ஒட்டி இரண்டும் பக்கம் பக்கமாக நின்று ஒரு நடுக்கம் நடுங்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பிரிந்து போகும். முதல் தரம் பார்த்தபோது மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

ஒரு நாள் காலையில் தண்ணீரின் மேல் ஒரு தும்பு மிதக்கக் கண்டேன். அந்தத் தும்புக்கு இரண்டு கண்கள் இருந்தன. கண் இமைக்காமல் பார்த்தேன். தும்பு தானாக நகர்ந்தது.

"புள்ள, ஓடி வா! குஞ்சு!"

அவள் அகப்பையோடு வந்து சேரும் முன், மஞ்சள் பொட்டுக்காரன் ஒரு எட்டில் வந்து வாயைத் திறந்து மூடினான். மேலே ஒன்றும் இல்லை.

"எங்க?"

"தின்னுட்டான்."

"அவன்ட புள்ளயையா?"

"ஓம், கண்ணால கண்டேன்."

"நீங்க தூங்கி எழும்பின கண்ணால கண்டீக்கிறீங்க" என்று போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வியும் வந்தது. அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது? இந்த மீன் குட்டி போடுகிறதா, முட்டையிடுகிறதா? முட்டை என்றால் எங்கே?

அடுத்த முறை மச்சான் வந்தபோது கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மழையோட வாற மீன் மச்சான். குளம் வத்தி, சேறு காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். ஒரு மழை பெஞ்சா, கொஞ்ச நாளையில மீன் நிக்கும். ஆரு கொண்டு வந்து போட்ட?"

"அப்ப மேகத்துக்குள்ள மீன் ஈக்குதா காக்கா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். அவர் சிரித்தாரே தவிர, சொன்னதை மாற்றவில்லை.

விடை கண்டது அவள்தான். ஜாடித் தண்ணீரை மாற்றப் பாசியை எடுத்தவள், அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இலைக்கிடையில் கடுகிலும் சிறிய கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தன. நூல்போல ஏதோ ஒன்று அவற்றைப் பாசியோடு கட்டியிருந்தது.

"பாசிட வித்து" என்றாள்.

"இல்ல, நத்தை முட்டை."

"ஜாடிக்குள்ள நத்தையே இல்லையே. நத்தை முட்டை எப்புடி வரும்?"

அவள் மணி ஒட்டிய பாசித் துண்டுகளைக் கிள்ளி, ஒரு ஜாம் போத்தலில் மழைத் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். வித்தென்றால் முளைக்கட்டும், முட்டையென்றால் பொரிக்கட்டும் என்றாள்.

அன்றிலிருந்து வீட்டு வேலையில் பாதி நின்று போனது. சோறு அடிப்பிடித்த நாளும் உண்டு. சில மணிகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தன. அவற்றைக் கொண்டை ஊசியால் மெல்லக் கிள்ளி எறிந்தாள். மற்றவை தெளிவாகவே இருந்தன. உள்ளே என்ன நடக்கிறதென்று வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. பன்னீர் வந்த உருண்டைப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அதன் வழியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அடுப்படியில் போத்தலைக் கழுவும்போது தன் விரல் ரேகை பெரிதாகத் தெரிந்ததாம்.

ஒரு முற்பகல் போத்தலைக் கண்ணருகே பிடித்தபடி மெதுவாகக் கூப்பிட்டாள். "இஞ்சப் பாருங்க. இது நம்மளப் பாக்குது."

பார்த்தேன். மணிக்குள் இரண்டு கறுப்புக் கண்கள். வால் உடம்பைச் சுற்றி வளைந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே ஒரு தரம் புரண்டது. நான் படிப்பறிவு இல்லாதவன் அல்ல. ஆனாலும் ஒரு உயிர் உருவாகிவருவதை உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் "சுப்ஹானல்லாஹ்" என்று மட்டும் சொன்னாள். பாசி வித்து என்று சொன்னவள் அவள் என்பதை நான் அப்போது ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டு வாரத்துக்குப் பக்கமாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. தண்ணீர் மட்டத்தில் கண்ணும் வாலுமாகத் தொங்கின. இனி என்ன கொடுப்பது? கொசுப்புழு அவற்றைவிடப் பெரிது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சீலையில் வைத்துப் பிழிந்து விட்டோம். அரிசியே அளந்து தருகிற காலத்தில் மீனுக்கு முட்டை கொடுப்பதை வெளியில் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் மோர்போல வெளுத்து நாறியது. குஞ்சுகள் எல்லாம் போத்தலின் அடியில் கிடந்தன.

அவள் அழவில்லை. போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "குளத்துக்குள்ள ஆரு முட்டை அவிச்சுக் குடுக்கிற?" என்றாள். கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதல்ல. யோசித்துக்கொண்டே அன்றைய வேலைகளைச் செய்தாள்.

அடுத்த தரம் சேர்த்த முட்டைகள் பொரித்தபோது, பக்கத்து வளவில் மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியிலிருந்து ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். பன்னீர்ப் போத்தல் வழியாகப் பார்த்தால் அதற்குள் தூசுபோல என்னவோ துள்ளிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு கரண்டி ஊற்றினாள். குஞ்சுகள் சாகவில்லை. வயிறு பச்சையாகத் தெரிய வளர்ந்தன. கொஞ்ச நாளில் ஒவ்வொரு தலையிலும் ஊசிமுனைப் பொட்டு மின்னத் தொடங்கியது.

மச்சானின் மழைக் கதையும் எங்களை விடவில்லை. முட்டை ஒட்டிய பாசியை ஒரு மண்சட்டியில், தண்ணீர் இல்லாமல் ஈரத்தோடு மட்டும் மூடிவைத்துப் பார்ப்போமா என்றேன். பாவம் என்று முதலில் மறுத்தாள். பிறகு அவளே வைத்தாள். பல நாள் கழித்து மழைத் தண்ணீரை ஊற்றினோம். அன்று மதியமே உமி மாதிரி ஒரு குஞ்சு நகர்ந்தது. குளம் காய்ந்து வெடிக்கும் அளவுக்கு அந்த முட்டை தாங்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சானிடம் காட்டியபோது, "நான் அண்டைக்கே செல்லலயா?" என்று நிமிர்ந்து நின்றார்.

கட்டவிழ்த்து, கம்பை ஊன்றி நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போகத் தொடங்கியபோது மீன்கள் ஜாடி கொள்ளாமல் பெருகியிருந்தன. பள்ளிவாசல் ஹவுளில், தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் அந்தத் தொட்டித் தண்ணீரில், கொசுப்புழு நெளிவதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். ஊரில் காய்ச்சல் வேறு. தொழுகை நடத்தும் லெப்பையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். தொட்டியில் மீன் விட்டால் ஒளுவுக்குப் பழுதுண்டா?

"மீன் தண்ணிக்குள்ளயே கெடக்கிற சீவன்தானே. அதால தண்ணி கெடாது" என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "கடிக்குமா?" என்று கேட்டார்.

"கடிக்கா."

"அப்ப விடுங்க."

மனைவி ஒரு முட்டியில் மீன்களைப் பிடித்துத் தந்தாள். எந்த மூலையில் நிற்கிறது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று வெள்ளிதோறும் கேட்பாள். பெண்கள் அந்தத் தொட்டிப் பக்கம் வருவதில்லை. நான் பார்த்து வந்துதான் சொல்ல வேண்டும். "புழு ஒண்டும் இல்ல. கால் வைக்கக்குள்ள வந்து கூடுதுகள்" என்றால் முகம் மலரும். "முட்டை போட்டீக்குதா?" என்பாள். தொட்டியில் பாசி இல்லையே என்பேன். ஒரு நாள் தென்னந்தும்பை ஒரு கொத்தாகக் கட்டித் தந்து, அதை ஒரு கல்லில் கட்டித் தொட்டி மூலையில் போடச் சொன்னாள். லெப்பை பார்த்தும் பாராததுபோல இருந்தார். அந்தத் தும்பில் முட்டைகள் ஒட்டின.

அதன் பிறகு எங்கள் பின்கதவில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிணற்றுக்கு, மாட்டுத் தொட்டிக்கு, தென்னந்தோட்டத்துப் பீப்பாவுக்கு என்று கேட்டு வந்தார்கள். மாம்புரியிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பெண் வாசலில் நின்று, "எங்கட ஆக்கள் நாள் முழுக்க மீனோடதான். ஆனா மீன் முட்டை பொரிச்சத ஒருத்தரும் கண்டதில்ல" என்றாள். மனைவி அவளை உள்ளே அழைத்துப் பாயில் உட்காரவைத்தாள். பன்னீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, ஜாம் போத்தலை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

அந்தப் பெண் வெகு நேரம் பார்த்தாள். "ஆண்டவரே, கண்ணு!" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க, இப்பப் பெரளும்" என்றாள் மனைவி.

நான் கம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குத் தேத்தண்ணி நான்தான் போட வேண்டியிருந்தது.