மிளகாய் நெடியடிக்கும் சீட்டுக்கட்டு

"ஒக்காருங்க மச்சான், ஒரு ஆட்டம்" என்று சொல்லும்போதே உபைதுல்லா பாய் சீட்டைப் போடத் தொடங்கிவிடுவார். ஆட வருகிறீர்களா என்று கேட்கும் வழக்கமே கிடையாது. சிதம்பரத்தில் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, காலி நாற்காலியின் மேல் விரித்த துண்டுதான் மேசை. உள்ளே அவர் மனைவி சுல்தானா. பக்கத்துக் கட்டிலில், முதுநகரிலிருந்து நான் அழைத்து வரும் என் கணவர். இயந்திரம் அவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற நாலு மணி நேரமும் வெளியே எங்களுக்குக் கழுதை ஆட்டம்.

பாய்க்கு லால்பேட்டையில் மாவு மில். சீட்டைத் தொட்டாலே மிளகாய் நெடி ஏறும். புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் ஆடுவார்கள். யாராவது ரம்மிக்கு ஆசைப்பட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "காசு வெச்சா ஹராம். காசு இல்லன்னாலும் ரம்மிக்கு ஜாஸ்தி ரோசன பண்ணணும். ரோசன பண்ணவா இங்க வந்து ஒக்காந்திருக்கோம்?"

கழுதையில் அந்தத் தொல்லை இல்லை. கையில் உள்ளதைத் தள்ளிவிட வேண்டும்; கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்பவர் கழுதை. நர்ஸ் யாரையாவது கூப்பிட்டால் பாய் உடனே சீட்டைக் கலைத்துவிடுவார். அந்த ஆட்டத்தில் யாரும் கழுதை இல்லை. தான் தோற்கும் நேரத்தில் யாரும் கூப்பிடாமலே கலைத்துவிடுவார் என்பது வேறு விஷயம். "என்னங்க, ஏமாத்துறீங்களா?" என்று உள்ளேயிருந்து சுல்தானாவின் குரல் வரும்.

போன சனிக்கிழமை கொளஞ்சியப்பன் என்பவர் மனைவி ராசம்மாளை முதல் தடவையாக அழைத்து வந்திருந்தார். குழாயில் ரத்தம் ஓடுவதைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்து ஆடிப்போய்விட்டார். "இன்னியோட சரி. இனிமே இட்டுக்கினு வரமாட்டேன். வூட்டுலயே கெடக்கட்டும்."

வராவிட்டால் அந்த அம்மா பிழைக்க மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. பாய் அவருக்கும் சேர்த்துச் சீட்டைப் போட்டார்.

கொளஞ்சியப்பன் ஆஸ், ராஜா என்று பெரிய சீட்டுகளையெல்லாம் பத்திரப்படுத்தினார். இந்த ஆட்டத்தில் அவைதான் வினை. இறங்கிய வகைச் சீட்டு கையில் இல்லாத ஒருவர் வேறு வகையைப் போட்டு வெட்டினால், பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். அள்ளினார். மறுபடியும் அள்ளினார். "கழுத!" என்று பாய் கைதட்ட, மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னொருவாட்டி போடுய்யா!"

முதல் நாள் என்னையும் பாய் இப்படித்தான் உட்கார வைத்தார். என் கணவர் இன்று என்னோடு இருப்பதற்கு டாக்டருக்கு எவ்வளவு நன்றி சொல்கிறேனோ, அவ்வளவு பாய்க்கும் சொல்ல வேண்டும். இவர் இல்லாவிட்டால் நானும் அன்றோடு நிறுத்தியிருப்பேன்.

நேரம் முடிந்து ராசம்மாள் மெல்ல நடந்து வந்தார். "பசிக்குதுங்க" என்றார். பல நாளாகச் சோறே இறங்கவில்லையாம். கொளஞ்சியப்பன் மனைவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"செவ்வாக்கெழம வருவீங்க இல்ல பாய்? ஒங்கள கழுதையாக்காம வுடமாட்டேன்."

பாய் கொளஞ்சியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.