எல்லாருக்கும் திறந்த காட்டில் துவக்குக்கு இடமில்லை

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை நானும் என் மனைவியின் தம்பி ரூபனும் முயல் வேட்டைக்குப் புறப்பட்டோம். அவனுக்குக் கண்ணில் அழுத்த நோய்; பார்வை குறைந்துகொண்டே வருகிறது. பஸ் ஓட்டும் வேலையை வசந்தத்திலேயே விட்டாயிற்று. அடுத்த வருடம் துவக்கையும் கையளிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைசி வேட்டை பழைய காட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

பன்னிரண்டு வருடமாகப் போன காடு அது. முன்பு ஒரு விவசாயிக்குச் சொந்தம். காட்டு வீதியின் தடுப்புக் கம்பத்தடியில் அவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். போன குளிர்காலத்தில் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கிவிட்டது. அவர்களுடைய இணையத்தளத்தைப் பார்த்தேன். ‘இந்தக் காடு எல்லாருக்கும் திறந்திருக்கிறது’ என்று முதல் வரியிலேயே இருந்தது. மேற்கொண்டு வாசிக்காமல் மூடிவைத்த மடையன் நான்தான்.

லோறென்ஸ்கூக்கில் என் வீட்டிலிருந்து காலை 5.40க்குக் காரை எடுத்து, ரொம்மனில் ரூபனை அவன் வீட்டில் ஏற்றி, 142 கிலோமீற்றர் ஓடி 8.05க்குத் தடுப்படியில் நின்றோம். சங்கத்துப் பெண் ஒருவர் அறிவித்தல் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நோர்வேஜிய மொழியில் தன்மையாகவே சொன்னார்: “நடக்கலாம், பழம் பறிக்கலாம், கூடாரம் அடிக்கலாம். வேட்டைக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆண்டுக்கு ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு போடுங்கள்.”

ரூபனின் கண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

“விடுங்கோ அத்தான். முப்பது வருசமா இஞ்சை இருக்கிறம். ‘எல்லாரும்’ எண்டா ஆர் எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.”

வந்ததற்கு நடப்போம் என்றான். துவக்குகளைக் காரில் பூட்டி, யாரும் எடுத்தாலும் சுட முடியாதபடி, சட்டப்படி குழாய்களுக்கு அடியில் இருக்கும் முன்கட்டைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டோம். பனி இன்னும் விழவில்லை. முயல்கள் மட்டும் குளிர்காலத்துக்கு வெள்ளையாக மாறிவிட்டிருந்தன. இரண்டாவது கிலோமீற்றரில், கபில நிற நிலத்தில் ஒன்று பளிச்சென்று குந்தியிருந்தது. இருபது அடி கூட இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ரூபனைப் பார்த்தேன். அவன் அதைக் கடந்து நடந்துகொண்டிருந்தான்.

“முயல் ஒண்டையும் காணேல்லை, என்ன அத்தான்?”

“ஓம். ஒண்டும் இல்லை.”

வைத்தியர் சொன்ன அடுத்த வருடம் ஏற்கெனவே வந்துவிட்டது. அனுமதி கிடைத்திருந்தால் இவன் எதைச் சுட்டிருப்பானோ. சங்கத்தைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: காடு சங்கங்களின் கையில் இருந்தால் குளிர்காலத்திலேயே தொலைபேசியில் அழைத்து, “வேட்டைக்குமா?” என்று தெளிவாகக் கேளுங்கள். விண்ணப்பம் ஜனவரியில் திறக்கும், பெயர்களைக் குலுக்கித்தான் எடுப்பார்கள். கடைசி 9 கிலோமீற்றர் கல் வீதி. நல்ல டயர் வேண்டும்.

ரொம்மனில் இறங்கும்போது ரூபன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஜனவரியிலை மறக்காமப் போடுங்கோ. என்ரை பேரையும் சேத்து.”

போடுறன் என்றேன். அன்று அவனிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.