மூன்றாவது சுற்று

மரத்தை வெட்டி இறக்கும்போது எல்லோரும் அண்ணாந்து என் வீட்டுக்காரரைத்தான் பார்ப்பார்கள். இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டு அவர் மெஷின் ரம்பத்தை முடுக்குவதைப் படம்கூடப் பிடிப்பார்கள். அடிமரத்தருகே கயிறு பிடித்து நிற்கும் என் அண்ணனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனுக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். ஆள் அந்தக் கனம். ஏணியில் நாலு படி ஏறினால் தலை சுற்றும். அவன் வீட்டில் பல்பு மாற்றக்கூட நான்தான் போக வேண்டும். ஆனால் கயிறு அவன் பேச்சைக் கேட்கும். வெட்டப்போகும் துண்டில் கட்டிய கயிறு, மரத்தில் மாட்டிய கப்பி வழியாகக் கீழே வரும். அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வான். துண்டு விழும்போது கயிறு கையில் கொஞ்சம் ஓட வேண்டும். மூன்றாவது சுற்றுப் போட்டால் இறுகிவிடும், ஓடாது. ஓடவிடாமல் நிறுத்தினால் அத்தனை கனமும் மரத்தை உலுக்கும், அதில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆளையும் சேர்த்து.

"மச்சான்" என்று மேலிருந்து ஒரு குரல், "ம்" என்று கீழிருந்து ஒரு பதில். பதினோரு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்துவிட்டு வெட்டியதில்லை.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கண்ணாடிக் கூரையை ஒட்டி நின்ற பட்ட மரம். காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கும்போது அண்ணனைத் தனியாக இழுத்தேன்.

"அண்ணா, இன்னைக்கு நல்லா இறுக்கிப் பிடி. கொஞ்சம்கூட விடாதே."

"அப்படிப் பிடிக்கக் கூடாது, அசடு."

"எனக்காகப் பிடி. சத்தியம் பண்ணு."

சத்தியம் வாங்காமல் நான் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனான்.

உச்சித் துண்டு விழுந்தபோது கயிறு ஓடவில்லை, படாரென்று நின்றது. மரம் ஆடிய ஆட்டத்தில் என் வீட்டுக்காரர் அதன்மேலேயே மோதி இரண்டு விலா எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மூணாவது சுத்து எதுக்கு மச்சான் போட்டே?"

"என் தப்புதான், மாப்பிள்ளை" என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தெருவையே இரண்டாக்கும் என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அதன்பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஏதோ கிடங்கில் மூட்டை ஏற்றப் போனான்.

மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் மறுபடி மரம் ஏறினார். கயிற்றுக்குப் புது ஆள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் இவர் மெஷினை நிறுத்திக் குனிந்து கீழே பார்த்தார். பார்த்துவிட்டு வெட்டினார், வெட்டும்போதும் பார்த்தார். கை ரம்பத்தில், கண் தரையில். இப்படியே போனால் இவர் முழுசாக இறங்கி வரமாட்டார், அதற்குக் காரணம் நான்.

இறங்கி வந்தவரிடம் தண்ணீரைக்கூடக் கொடுக்காமல் சொன்னேன்.

"அந்த மூணாவது சுத்து நான் போட வெச்சது. விடாதேன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

அவர் என்னையே பார்த்தார். "உன் வாய்க்கு இத்தனை நாள் என்ன ஆச்சு?"

"பயந்துட்டேன்."

"அவன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். கையுறையைக் கழற்றினார். பிறகு சாப்பிடாமலே கிடங்குக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை என்னிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த வேலையில் அண்ணன் அடிமரத்தருகே நின்றான். இளைத்திருந்தான். தூக்கோடு போன என் முகத்தையே பார்த்தான்.

"என்ன, இன்னைக்கும் ஏதாவது சத்தியம் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு சுற்றினான். நிறுத்திக்கொண்டான்.

"மச்சான்" என்றது மேலே.

"ம்."

மெஷின் உறுமியது. இவர் குனிந்து பார்க்கவில்லை. துண்டு சாய்ந்து விழ, கயிறு அண்ணன் கையில் சரசரவென்று ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறைந்து, தரைக்கு ஒரு முழம் மேலே துண்டை நிறுத்தியது. மேலே இவர் அடுத்த வெட்டுக்குக் காலை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். தூக்கின் கைப்பிடி உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.